கரித்துணி ஆகும் முன்னே

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் புனேயின் விஷ்ராந்த்வாடி சௌக்கில் நின்று, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் முதுகுகளைப் படித்துப் பாருங்கள். ஒரு முதுகில் கராத்தே, பக்கத்து முதுகில் டேக்வாண்டோ, அதற்கடுத்ததில் ஜூடோ. பயிற்சி உடுப்பு தோள்பைக்குள் மடிப்புக் கலையாமல் இருக்கும். உடம்பில் இருப்பது போன வருஷம் ஏதோ ஒரு போட்டியில் கொடுத்த டி-ஷர்ட். எந்த ஊர், எந்த வருஷம், எந்த பில்டர் செலவை ஏற்றார், எந்த நகரசேவகர் (நம் ஊர்க் கவுன்சிலர்) கைகூப்பிக்கொண்டு நிற்கிறார் எல்லாமே முதுகில் அச்சாகியிருக்கும். 2015-ல் சங்கம்வாடி வரை பி.ஆர்.டி. பஸ் தடம் திறந்த நாளிலிருந்து நான் இந்த முதுகுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பேப்பர் படிப்பதைவிடச் சுவாரசியம்.

எடை குறைப்பது, காப்புகள் வாங்குவது, நுழைவுக் கட்டணத்தில் ஏமாறாமல் இருப்பது எல்லாம் முன் அத்தியாயங்களில் ஆயிற்று. இது போட்டி முடிந்தபின் கையில் மிஞ்சுகிற அந்தத் துணியைப் பற்றியது. அதை யார் போடலாம், எங்கே போடக் கூடாது, எப்படித் துவைப்பது, எப்படிச் சேர்ப்பது என்று பார்ப்போம்.

முதலில் என் இழப்பைச் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு நாள் என் அலமாரியை ஒழித்தார். எங்கள் தெருவில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற அம்மா ஒருவர் தலையில் கூடையோடு வருவார். மொழி தெரியாமலேயே இருவரும் பேரம் பேசி முடித்துவிட்டார்கள். என்னுடைய ஏழு டி-ஷர்ட்டுக்கு மூடி போட்ட ஒரு சம்படம். சாயங்காலம் வந்து நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அம்மா அசரவில்லை.

"எல்லாம் கழுத்து தொங்கிப்போன பனியன்தானேடா? ஏழுல ஒண்ணுலயாவது நீ ஜெயிச்சேன்னு எழுதியிருந்துச்சா?"

எழுதியிருக்கவில்லை. எழுதவும் மாட்டார்கள். ஜெயித்ததைச் சொல்ல மெடல் இருக்கிறது, சர்ட்டிஃபிகேட் இருக்கிறது. டி-ஷர்ட் சொல்வதெல்லாம் 'இவன் அன்றைக்கு அங்கே போயிருந்தான்' என்பது மட்டும்தான். முதல் சுற்றில் நாற்பது விநாடியில் தோற்றவனுக்கும் தங்கம் வாங்கியவனுக்கும் ஒரே டி-ஷர்ட். அதன் மரியாதையே அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. இந்த அத்தியாயத்தில் நான் சொல்கிற விதிகள் எல்லாம் இங்கிருந்து பிறந்தவை.

யார் போடலாம்

போனவர்கள் போடலாம். போட்டியாளர், பயிற்சியாளர், பாய் விரித்த தன்னார்வலர், காலை ஐந்து மணிக்கு எழுந்து இட்லி கட்டிக்கொண்டு வந்த பெற்றோர், மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதியவர் எல்லோருக்கும் உரிமை உண்டு. தோற்றவருக்குக் கூடுதலாகவே உண்டு. போகாதவர் போடுவதை யாரும் தடுக்க முடியாது, ஆனால் போட்டிருப்பவரைப் பார்த்து இன்னொரு ஆட்டக்காரர் கட்டாயம் கேட்பார்: "அந்த வருஷம் எந்த எடைப் பிரிவு?" அப்போது "அண்ணனோடது" என்று சொல்லத் தயாராக இருந்தால் போதும். அண்ணனோடது என்றால் தப்பே இல்லை. நம் வீடுகளில் எந்தத் துணி ஒரே ஆளோடு முடிந்திருக்கிறது?

போடவே கூடாதது ஒரு வகை. முதுகில் 'கோச்', 'அஃபிஷியல்', 'ரெஃப்ரி' என்று எழுதியவை. இவற்றை அந்தப் போட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேறு போட்டிக்குப் போட்டுப் போனால், அழுதுகொண்டு நிற்கும் எட்டு வயதுப் பிள்ளை உங்களிடம்தான் வந்து, எந்தப் பாயில் தன் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கும்.

விலைக்கு வாங்குவது வேறு கதை. கலிஃபோர்னியாவில் 1997-ல் தொடங்கிய டேப்அவுட் போன்ற பெயர்கள், சண்டை பார்க்கிறவர்களுக்கென்றே டி-ஷர்ட் விற்றுப் பெரிதானவை. யு.எஃப்.சி. கூண்டுச்சண்டை வீரர்கள் கூண்டுக்கு நடந்து வரும்போது ஆளுக்கொரு டி-ஷர்ட் போட்டு வருவார்கள், அதே டி-ஷர்ட் கடையிலும் கிடைக்கும். 2015 ஜூலையில் ரீபாக் ஒப்பந்தத்தின்படி எல்லோருக்கும் ஒரே சீருடை என்று ஆனதும் அந்த வழக்கம் முடிந்தது. அதற்கு முந்தையவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது ரசிகரின் டி-ஷர்ட், ஆட்டக்காரரின் டி-ஷர்ட் அல்ல. ரஜினி படம் போட்ட பனியனைப் போடுகிறவர் நடிகர் என்று யாரும் நினைப்பதில்லையே.

எங்கே போடுவது

போட்டிப் பாயின் மேல் வேண்டாம். இதில் பெண் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். உலக கராத்தே கூட்டமைப்பின் விதியில் பெண்கள் மேலங்கிக்கு உள்ளே டி-ஷர்ட் போடலாம், ஆனால் எழுத்தில்லாத வெள்ளையாக இருக்க வேண்டும். ஜூடோவிலும் எழுத்தில்லாத வெள்ளைதான். போன வருஷப் போட்டி டி-ஷர்ட் வெள்ளைதானே என்று உள்ளே போட்டுவிட்டால், நெஞ்சிலுள்ள நீல எழுத்து மேலங்கி வழியாக எட்டிப் பார்க்கும். நடுவர் கழற்றச் சொல்வார், நேரமோ ஓடிக்கொண்டிருக்கும். பையில் எப்போதும் எழுத்தில்லாத வெள்ளை ஒன்று கிடக்கட்டும்.

தரையில் உருண்டு பிடிக்கிற ஆட்டங்களில், அதாவது மல்யுத்தம், ஜியு-ஜிட்ஸு மாதிரியானவற்றில், பயிற்சிக்குக்கூடத் தொளதொள டி-ஷர்ட் ஆகாது. எதிராளியின் விரல் துணியில் சிக்கினால் சேதம் துணிக்கு அல்ல, விரலுக்கு. உடம்போடு ஒட்டிய ராஷ்கார்டு அதற்காகத்தான் வந்தது. காலர் வைத்து பொத்தான் போட்ட டி-ஷர்ட் இன்னும் மோசம். பொத்தான் நெற்றியைக் கீறும்.

சிலம்பத்தில் நிலைமை தலைகீழ். அங்கே டி-ஷர்ட்டே சீருடை. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி ஆடிய கலை, இன்று பெரும்பாலான வகுப்புகளில் டி-ஷர்ட், டிராக் பேன்ட், இடுப்பில் துண்டு என்று வந்து நிற்கிறது. 2024 ஜனவரியில் சென்னையை மையமாக வைத்து நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்ந்தபின் இந்த உடைக்கு ஒரு தனி மவுசு. சிலம்பத்துக்கு டி-ஷர்ட் வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். அக்குளில் இழுத்தால் ஒரு அளவு பெரியது எடுங்கள், அப்புறம் அடிப்பகுதியைப் பேன்டுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வெளியே தொங்கினால் கம்பு நுனி அதில் மாட்டும். மாட்டினால் உங்கள் கம்பு உங்கள் முழங்காலுக்கே வரும். அனுபவம்தான்.

ஒரு வகுப்பின் டி-ஷர்ட்டோடு இன்னொரு வகுப்புக்குப் போவது வீண் வம்பு. புனேயில் சொல்லிக்கொடுப்பவரை 'சர்' என்போம், நம் ஊரில் மாஸ்டர் அல்லது ஆசான். பெயர் எதுவானாலும் ரோஷம் ஒன்று. "சர், இது பழைய வகுப்புது, போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டுச் சரி என்பார்கள். கேட்காமல் போட்டால்தான் பிரச்சினை.

இந்தப் பக்கத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. கட்கி, திகி, லோகாவ் என்று நம்மைச் சுற்றி ராணுவமும் விமானப்படையும்தான். 'கமாண்டோ' பாணி என்று ராணுவச் சீருடைப் புள்ளிகளை அப்படியே எடுத்து டி-ஷர்ட்டில் போடும் வகுப்புகள் உண்டு. ராணுவம் 2022-ல் கொண்டுவந்த புதிய வடிவத்துக்கு உரிமைப் பதிவே செய்து வைத்திருக்கிறது. சிப்பாய் என்று மற்றவர்கள் நம்பும்படி உடுத்துவது சட்டப்படியும் குற்றம். பிள்ளைகளின் ஆர்டரில் அந்தத் துணியைத் தவிர்த்துவிடுங்கள். தேசியக் கொடி அச்சிட்டதை இடுப்புக்குக் கீழே எதிலும் போடக் கூடாது, கைக்குட்டையாக்கவும் கூடாது. ஆகவே கொடி போட்ட டி-ஷர்ட் பழசானால் அது துடைக்கிற துணியாக மாறும் வழக்கமான பாதையில் போக முடியாது. ஆர்டர் கொடுக்கும்போதே இதை யோசித்தால், கொடி வைக்காமலேயே ஒரு நல்ல டி-ஷர்ட் செய்யலாம் என்று தோன்றும்.

துணியைப் பார்ப்பது

கொடுக்கிற டி-ஷர்ட்டில் நமக்குத் தேர்வு இல்லை. இருந்தாலும் என்ன துணி என்று தெரிந்தால்தான் துவைக்கத் தெரியும். இன்றைக்குப் போட்டிகளில் கொடுப்பதில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர் என்பது என் கண்கணக்கு. வலைமாதிரி ஓட்டைகள், பளபளப்பு, கையில் எடுத்தால் காற்று மாதிரி லேசு. சந்தேகமாக இருந்தால் உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி. சுருங்கி, உருகி, நுனியில் கெட்டியான மணி நின்றால் பாலியெஸ்டர். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்றால் கலப்பு. தையல் நூலே பாலியெஸ்டராக இருக்கும் என்பதால் உருவுவது துணியின் இழையா என்று பார்த்து உருவவும்.

துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். கணக்கில் சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. 180 இருந்தால் பல வருஷம் உழைக்கும். 140-க்குக் கீழே போனால் நெஞ்சில் அச்சடித்த இடம் மட்டும் தகடு மாதிரி நிற்கும், மற்ற இடம் தொய்யும். அளவு சொல்லும்போது மீடியம், லார்ஜ் என்று சொல்லாதீர்கள், மார்புச் சுற்றளவைச் சொல்லுங்கள். திருப்பூர்க் கணக்கில் பெரும்பாலும் 38 மீடியம், 40 லார்ஜ், 42 எக்ஸ்எல். ஆனால் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியது வந்தால் ஒரு லார்ஜுக்குள் இரண்டு பேர் புகலாம்.

தமிழில் அச்சடிக்கிறவர்களுக்கு

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அறுபது டி-ஷர்ட்டைப் பாழாக்கியிருக்கிறேன்.

புனேயில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென ஒரு சிறு சிலம்பக் காட்சி. அறுபது டி-ஷர்ட், மஞ்சள் துணி, முதுகில் சிவப்பில் 'சிலம்பம்', கீழே சின்னதாக ஊர் பெயர். ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை ஒன்றில் கொடுத்தோம். பட்டறைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அது அவர் குற்றமும் இல்லை. வாட்ஸ்அப்பில் எழுத்தாகத்தான் அனுப்பினேன், அது என் குற்றம். அவருடைய பழைய கோரல் டிராவில் ஒட்டியதும் எழுத்து சிதறிவிட்டது. அன்றைக்கு முதல் வடிவில் 'போட்டி' என்ற சொல்லும் இருந்தது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு புள்ளிவட்டம். அதைப் பார்த்துப் பதறி, அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு 'சிலம்பம்' மட்டும் போதும் என்றேன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

வந்து சேர்ந்த மூட்டையைப் பிரித்தால் அறுபது முதுகிலும் 'சிலமபம'. இரண்டு புள்ளியும் இல்லை.

காரணத்தை அப்புறம் பட்டறையில் நின்று பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். ஸ்கிரீன் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலை. அதன் மேல் ஒளி பட்டால் இறுகும் ஒரு பூச்சைத் தடவி, எழுத்துப் பதித்த பிலிமை வைத்து வெளிச்சம் காட்டுகிறார்கள். எழுத்து மறைத்த இடம் இறுகாமல் தண்ணீரில் கரைந்து வழி விடுகிறது, அந்த வழியாகத்தான் மை இறங்குகிறது. மெல்லிய எழுத்துருவில் புள்ளி கடுகளவு. அந்த அளவுக்கு வழி சரியாகத் திறப்பதில்லை, திறந்தாலும் நாலு பனியனுக்குள் மை காய்ந்து அடைத்துக்கொள்கிறது. தமிழ் படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு ஒரு புள்ளி விடுபட்டது தூசு உதிர்ந்த மாதிரி. தமிழில் அது மெய்யெழுத்தின் உயிர்.

அதனால் நான் இப்போது செய்வது இது. எழுத்தை எழுத்தாக அனுப்புவதே இல்லை. வீட்டிலேயே வடிவமைத்து, எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றி, பி.டி.எஃப். ஆக்கித்தான் கொடுக்கிறேன். தடித்த எழுத்துரு, புள்ளி குறைந்தது ஒரு மிளகு அளவு. பிலிம் எடுத்ததும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் புள்ளிகளை எண்ணுகிறேன். 'சிலம்பம்' என்றால் இரண்டு. பிறகு ஒரே ஒரு பனியனில் அடித்துக் காட்டச் சொல்லி, கையொப்பம் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவை. பத்தாவது, முப்பதாவது, ஐம்பதாவது பனியனை எடுத்துப் பார்க்க யாரையாவது பட்டறையில் நிறுத்திவைப்பது இன்னும் நல்லது.

மையைப் பற்றியும் கேளுங்கள். ரப்பர் மாதிரி மேலே நிற்கும் பிளாஸ்டிசால் மை 160 டிகிரிச் சூட்டில்தான் முழுதாக வேகும். அவசரத்தில் வேகாமல் எடுத்தால் மூன்றாவது சலவையில் வறண்ட குளத்து மண் மாதிரி வெடிக்கும். நகத்தால் சுரண்டுங்கள், இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் விரிசல் கண்டால் திருப்பிச் சூடு காட்டச் சொல்லுங்கள். பாலியெஸ்டருக்குச் சப்ளிமேஷன் என்று ஒன்று உண்டு, சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடும். தடவினால் கைக்கு எதுவும் தட்டாது, வெடிக்கவும் வெடிக்காது, புள்ளியும் விழாது. பருத்தியில் அது நிற்காது, வெளிர் நிறத் துணியில்தான் எடுக்கும்.

ஆர்டர் கொடுக்கும் மாதமும் முக்கியம். ஆவணி பிறந்தால் இங்குள்ள பட்டறைகளில் தஹி ஹண்டி கோஷ்டிகளின் டி-ஷர்ட், அதன் பின்னாலேயே கணபதி மண்டல்களின் டி-ஷர்ட். நூற்றுக்கணக்கில் போகும் அந்த ஆர்டருக்கு நடுவே உங்கள் அறுபதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஜூலைக்குள் முடியுங்கள், அல்லது தீபாவளி தாண்டட்டும். திருப்பூரில் சொந்தம் இருந்தால் வெறும் பனியனைக் காதர்பேட்டையில் எடுத்து, கன்னியாகுமரியிலிருந்து புனே வருகிற ரயிலில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லலாம். ஜெயந்தி ஜனதா என்று இன்னும் நாங்கள் பழைய பெயரில்தான் அதைச் சொல்வோம். முறுக்கு டப்பாவோடு பனியன் மூட்டையும் வரும்.

துவைப்பது

ரத்தம் பட்டால் பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டால் ரத்தத்திலுள்ள புரதம் இறுகி, கறை நிரந்தரமாகும். மூக்கு உடைந்த பிள்ளையைப் பார்க்கிற அவசரத்தில் டி-ஷர்ட்டை மறந்துவிடுவோம், பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் ஊறவையுங்கள். மஞ்சள் பற்றுப் போட்டதால் வந்த கறை சோப்புப் பட்டதும் சிவந்து பயமுறுத்தும். துவைத்து வெயிலில் போட்டால் இரண்டு நாளில் தானாக வெளுக்கும். டி-ஷர்ட்டை வெயிலில் போடச் சொல்கிற ஒரே இடம் இதுதான். மற்றபடி உள்பக்கத்தை வெளியே திருப்பி, நிழலில்.

தானோரி, லோகாவ் பக்கம் கோடையில் டேங்கர் தண்ணீர்தான். போர்வெல் தண்ணீர் என்றால் கடினம், சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லை என்று இன்னும் சோப்பு போடுவோம், அது துணியிலேயே தங்கி வெள்ளையைச் சாம்பலாக்கும். சோப்புத் தூளைக் குறைத்து, கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விட்டால் போதும். பாலியெஸ்டரில் ஒட்டிக்கொள்ளும் வியர்வை நாற்றத்துக்கும் அதே வினிகர். கம்ஃபர்ட் வகையறா வேண்டாம், அது இழையை மூடி நாற்றத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். இஸ்திரி பெட்டி அச்சின் மேல் நேராகப் படக் கூடாது. இஸ்திரிக்காரரிடம் கொடுத்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள், சொன்னபின்னும் நாலில் ஒன்று போகும்.

வைப்பது

ஜூன் முதல் செப்டம்பர் வரை புனேயில் அலமாரிக்குள் ஈரம் குடியிருக்கும். ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வர் பல்லக்கு திகி வழியாக விஷ்ராந்த்வாடி தாண்டிப் போகிற வாரத்தை நான் கணக்கு வைத்திருக்கிறேன். பல்லக்கோடு நடக்கும் வாரகரிகளுக்குத் தெருவில் தேநீர் கொடுத்துவிட்டு வந்ததும், சேமிப்பு டி-ஷர்ட்டை எல்லாம் எடுத்து உதறி, மின்விசிறியடியில் பரப்பிவைத்து, திரும்ப அடுக்குவேன். அதற்கப்புறம் மழை விட்டபின்தான் தொடுவது.

பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடாதீர்கள். ஈரம் உள்ளே சிக்கிப் பூஞ்சை பிடிக்கும், ரப்பர் அச்சு கவரோடு ஒட்டி உரிந்து வரும். அச்சும் அச்சும் தொட்டால் அவையும் ஒட்டும். நடுவே வெள்ளைக் காகிதம் அல்லது பழைய மல் வேட்டித் துண்டு வைத்துச் சுருட்டுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை இறங்கும். ஹேங்கரில் மாட்டினால் கழுத்து தொங்கும், என் அம்மா போன்றவர்களுக்கு அது ஒரு சாக்கு. வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்ததும் துணிப்பையில் கட்டிப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் அதுவே கறை.

சேர்ப்பது

எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். வருஷத்துக்கு ஆறு போட்டி என்றால் பத்து வருஷத்தில் அறுபது டி-ஷர்ட், இரண்டு அறை வீட்டில் அதற்கு இடமில்லை. முதல் போட்டி, ஊர் தாண்டிய முதல் பயணம், அடிபட்ட போட்டி, ஆசான் கடைசியாகக் கூட வந்த போட்டி. இப்படிக் கதை இருப்பதை மட்டும் வையுங்கள். பதக்கம் வாங்கியதெல்லாம் கதை என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் ஆடாத போட்டியின் டி-ஷர்ட்டையும் வரலாற்றுக்காகச் சேர்க்கலாம். போட்டுக்கொள்ள அல்ல, வைத்துக்கொள்ள. புனேயில் அதற்குக் குறைவில்லை. 1994 தேசிய விளையாட்டுக்காகக் கட்டியது பாலேவாடி வளாகம். 2008 அக்டோபரில் அங்கே காமன்வெல்த் இளையோர் விளையாட்டு நடந்தது. குத்துச்சண்டையும் மல்யுத்தமும் அதில் இருந்தன, ஜிகர் என்ற புலி அதன் சின்னம். 2019 ஜனவரி 9 முதல் 20 வரை கேலோ இந்தியா இளையோர் விளையாட்டும் அங்கேதான், அதில் ஜூடோவும் உண்டு. தன்னார்வலர்களாகப் போன கல்லூரிப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் அலமாரியிலிருந்து அந்தத் துணிகள் இப்போது ஒவ்வொன்றாக வெளியேறும் வயது. மங்கள்வார் பேட்டை ஜூனா பஜாரில் புதனும் ஞாயிறும் பழைய துணிக் குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துழாவினால் எதுவும் அகப்படலாம். புலி அகப்பட்டால் முகத்தில் சந்தோஷத்தைக் காட்டாதீர்கள், விலை ஏறிவிடும்.

எனக்கு அகப்படாத ஒன்று அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு டி-ஷர்ட். மாடுபிடி வீரர்களுக்குச் சுற்றுக்கு ஒரு நிறம், நெஞ்சில் எண். அது சண்டைக்கலையா என்று வாதம் செய்யலாம், புழுதியோடு அந்தத் துணியைப் பார்த்தபின் யாரும் வாதம் செய்ய மாட்டார்கள்.

சேர்த்த ஒவ்வொன்றுக்கும் உள்பக்க விளிம்பில் இரண்டு விரல் நீளத்துக்கு வெள்ளை நாடா தைத்து, அழியாத மையால் எழுதுங்கள். நாள், ஊர், நீங்கள் அங்கே என்னவாகப் போனீர்கள், எடைப் பிரிவு, முடிவு. 'முதல் சுற்று, தோல்வி, 0–3' என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். இருபது வருஷம் கழித்து அந்த நாடாதான் அந்தத் துணிக்கு மதிப்பு. எழுதாத டி-ஷர்ட் வெறும் டி-ஷர்ட்.

வைக்க முடியாதவற்றுக்கு ஒரு நல்ல வழி இந்த ஊரிலேயே இருக்கிறது. பழந்துணிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுக் கோதடி தைத்துக் கொடுக்கிற பெண்கள் இங்கே இருக்கிறார்கள். டி-ஷர்ட் துணி இழுபடும் என்பதால் தைக்கத் தயங்குவார்கள். நெஞ்சுப் பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் பழைய காட்டன் சேலைத் துண்டை வைத்து ஓரம் அடித்துக் கொடுத்துவிட்டால் மறுக்க மாட்டார்கள். பன்னிரண்டு டி-ஷர்ட்டில் ஒரு குழந்தைப் போர்வை ஆகும். என் மகள் போர்த்திக்கொண்டிருப்பதில் அப்பா தோற்ற போட்டிகள் ஒன்பது.

வீட்டிலுள்ள பெரியவர்களிடம் எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சேமிப்பு அடுக்குக்குத் தனிப் பூட்டு போடுவது நல்லது. எங்கள் தெருவுக்குப் பாத்திரக்கார அம்மா வருவது வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு.